வரிசையில் அடுத்தவள்

"இன்னும் வரலம்மா... உனக்கு முன்னாடி எடுத்தவங்க திருப்பித் தரல" என்று நூலகர் வெர்னா சொன்னதும் ஐலா ரௌட்டியோவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலையை முடித்துவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்திருந்தாள். ஹான்காக் ஊர் முழுக்க மழை. கால்வாயின் மேலிருந்த தூக்குப் பாலம் மூடுபனிக்குள் பாதி காணாமல் போயிருந்தது. இந்த மழையில் அவளை இழுத்து வந்தது ஒரு புது நாவல்தான். ஏரிக்குள் மூழ்கிய ஓர் ஊர், அதில் ஓர் இரட்டையர் ஜோடி... பதின்பருவத்தினருக்காக எழுதப்பட்ட கதை.

"ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னாடி அதே ஆள்தான். யாருங்க அது? புத்தகத்தைப் படிக்கறாங்களா, ஊறுகாய் போடறாங்களா?"

வெர்னா ஐலாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"நான்தாங்க..." என்றது ஒரு குரல்.

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். நனைந்த கம்பளிச் சட்டை, விரல்களில் இன்ஜின் எண்ணெய்க் கறை. கண்கள் மட்டும்... உறையப்போகும் ஏரியைப்போல வெளிறிய சாம்பல் நிறம். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவள் யோசித்து வைத்திருந்த இரண்டாவது வசவு மறந்தே போனது.

புத்தகத்தை நீட்டினான். "மன்னிச்சிடுங்க. ஆனா இது பதினாறு வயசுப் பிள்ளைங்க படிக்கற அலமாரியாச்சே..."

"உங்களுக்கு மட்டும் பதினஞ்சா?"

அவன் உதடு லேசாக வளைந்தது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போன முகம் அது என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கு இல்லைங்க, மெர்ரினுக்கு. அந்த இரட்டையர்ல அண்ணன்காரனை அவளால தாங்கவே முடியலையாம். எப்பப் பாரு அழறானாம். பாதியிலேயே புத்தகத்தைச் சுவத்துல எறிஞ்சிட்டா."

அவன் பெயர் டோபின் ட்ரெவாரோ. படகுக் கொட்டகையில் இன்ஜின் பழுதுபார்ப்பவன். அடுத்த வாரம் அதே அலமாரிக்கு அருகில் மறுபடியும் எதிரெதிரே நின்றார்கள். அண்ணன்காரன் அழுவதில் தப்பே இல்லை, அழத் தெரியாதவர்கள்தான் அந்தக் கதையில் எல்லோரையும் மூழ்கடிக்கிறார்கள், இதை அப்படியே மெர்ரினிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள் ஐலா. சொன்னான் போலிருக்கிறது. அதற்கடுத்த வாரம் பதில் வந்தது. அழுகிற ஆண்களை ஐலாவுக்குப் பிடிக்கிறதென்றால், பாவம், அவளை யாரும் இன்னும் சரியாகச் சிரிக்க வைத்ததில்லை என்று மெர்ரின் சொன்னாளாம்.

பேச்சு நூலகத்திலிருந்து எதிரே இருந்த பாஸ்டி கடைக்கு நகர்ந்தது. இறைச்சி அடைத்துச் சுட்ட, சூடான பாஸ்டியைப் பிட்டபடி புத்தகம் புத்தகமாக வாதாடினார்கள். ஓநாய்களோடு வளர்ந்த பெண்ணின் காதல் கதையில் காதலனைவிட ஓநாய்களுக்குத்தான் உயிர் இருக்கிறது என்றாளாம் மெர்ரின். அதை ஐலா மனமில்லாமல் ஒப்புக்கொண்டாள். நிழலை விற்றுவிட்ட பையனின் கதை முடிவில் எல்லாம் சரியாகிவிடுவது மோசடி என்றாளாம் மெர்ரின். அதை மட்டும் ஐலா ஒப்புக்கொள்ளவே இல்லை.

சண்டையெல்லாம் மெர்ரினோடுதான்... மனசு மட்டும் தூது வந்தவனிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதுதான் அவளுக்கு வலித்தது. மெர்ரின் யாரென்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே! மனைவியோ, காதலியோ... இவ்வளவு ஆசையாக ஒருத்தியின் வார்த்தைகளைச் சுமந்து வருபவனிடம் வேறென்ன கேட்பது? ஒரு நாள் முடிவெடுத்தாள். இனி இந்த வரிசையே வேண்டாம். தன் முன்பதிவுகளையெல்லாம் எடுத்துவிடும்படி வெர்னாவிடம் சொன்னாள்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள். "நீ எதுக்கு விலகணும்? மெர்ரினோட நூலகக் கார்டையே மூடணும்னுதான் மேல இருக்கறவங்க சொல்லிட்டே இருக்காங்க. எனக்குத்தான் மனசு வரல."

"ஏன் மூடணும்?"

"உனக்குத் தெரியாதா? மெர்ரின் டோபினோட தங்கச்சிம்மா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே, இனிமே வரப்போற புத்தகம் எல்லாத்துக்கும் முன்பதிவு பண்ணி வெச்சா. பிப்ரவரியில போயிட்டா. பதினேழு வயசு..."

ஐலா மாதங்களை எண்ணிப் பார்த்தாள். இரட்டையர் நாவல் வெளிவந்ததே செப்டம்பரில்தான். அப்படியானால்... அதைச் சுவரில் எறிந்தது யார்?

ஞாயிறு மதியம் அவன் வீட்டைத் தேடிப் போனாள். மலைச் சரிவில் பழைய சுரங்கத் தொழிலாளர் வீடு. மழை, சத்தமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். உள்ளே டோபின் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் படிப்பான்... நிறுத்துவான்... மெதுவாகச் சிரிப்பான்... மறுபடியும் படிப்பான். அந்த இடைவெளிகள், எதிரே ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவனின் இடைவெளிகள்.

ஐலா ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தாள். அவனுக்கு எதிரே காலி நாற்காலி.

அப்போதுதான் அது கேட்டது. கொஞ்சம் கரகரத்த, குறும்பான, ஒரு சின்னப் பெண்ணின் குரல். "வெளிய ஒருத்தி நனைஞ்சிட்டு நிக்கறா. கதவைத் தொற, டோபி."

அவள் தட்டவே இல்லை. கதவு திறந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை அவள் இமைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வெர்னா சொல்லிட்டாங்களா?"

தலையாட்டினாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதல் புத்தகம் வந்திருப்பதாக நூலகத்திலிருந்து தகவல் வந்தபோது அதை எடுத்து வந்து மெர்ரினின் அறையில் வைத்தானாம். வைத்தவனுக்கு அப்படியே விட்டுவிட முடியவில்லை. படித்துக் காட்டினான். முதல் அத்தியாயம் முடிந்ததும் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தான். இரண்டாவது முடிந்ததும் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை...

"ஐலா, ஒண்ணு கேக்கறேன். வாசல்ல நின்னீங்களே... உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

அந்தச் சாம்பல் கண்களில் இருந்த ஆசையைப் பார்த்தாள். கேட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பின்கழுத்தில் ஒரு குளிர் ஏறியது. கேட்டது என்று ஒப்புக்கொண்டால் அது உண்மையாகிவிடும். பிறகு இந்த ஊரில், இந்த மூடுபனியில் தனியாக எப்படி நடப்பது?

"இல்ல" என்றாள். "எதுவும் கேக்கல."

அவன் முகத்தில் ஏதோ அணைந்தது.

"அப்ப எனக்கு நானேதான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றான் நிதானமாக. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தான். "கிளம்புங்க ஐலா. பரிதாபப்பட்டு யாரும் இங்க உக்கார வேண்டாம்."

அவளுக்கும் ரோஷம் வந்தது. பரிதாபமா... அவளுடையது பரிதாபமா? காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவன் நூலகத்துப் பக்கமே வரவில்லை. பாஸ்டி கடையிலும் இல்லை. ஐலா வேலைக்குப் போனாள், வந்தாள். நோயாளிகளின் பெயர்களைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டாள். படித்த புத்தகங்கள் பிடித்தனவா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிச் சண்டை போட ஆளில்லாதபோது அபிப்பிராயம் எதற்கு?

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று வெர்னா கூப்பிட்டனுப்பினாள். மெர்ரின் முன்பதிவு செய்ததில் கடைசிப் புத்தகம் வந்து ஒரு வாரமாகிறதாம். டோபின் வந்து எடுக்கவில்லை. வரிசையில் அடுத்தவள் ஐலா, எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேரே மலைச் சரிவு ஏறினாள்.

டோபின் கதவைத் திறந்தான். மெலிந்திருந்தான். புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். "வேண்டாங்க. படிக்கறதை விட்டுட்டேன். அந்த ரூமுக்கே போறதில்ல. பைத்தியம் பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு..."

"நான் பொய் சொன்னேன்" என்றாள் ஐலா.

மூடப்போன கதவை அவன் நிறுத்தினான்.

"அன்னிக்கு எனக்குக் கேட்டது. பயந்துட்டேன்... அதான் இல்லன்னுட்டேன். ஒருத்தி நனைஞ்சிட்டு நிக்கறான்னு சொன்னா. கதவைத் தொறன்னு சொன்னா. உங்களை டோபின்னு கூப்பிட்டா."

அவன் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட்டவள் ஒருத்திதான், வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது என்று சொன்னான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஐலா பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொடலாமா என்று தயங்கித் தயங்கித் தொட்டாள்.

மெர்ரினின் அறை சில்லென்றிருந்தது. டோபின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்தான். ஐலா தரையில் அமர்ந்து கேட்டாள். முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

காத்திருந்தார்கள்.

பனி கண்ணாடியில் மெல்ல வந்து படிந்தது. குரல் வரவில்லை. நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது... யாரோ எழுந்துகொண்டதைப்போல. அவ்வளவுதான். அதன்பின் அந்த அறை ஓர் அறையாக மட்டும் இருந்தது. இருவருக்குமே அது தெரிந்தது. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

டோபின் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ என்ன நினைக்கற, ஐலா?"

'நீ'... முதல் முறை. அவள் காது மடல்கள் சூடாயின.

"கதையைப் பத்தியா? ஒரு அத்தியாயந்தானே ஆச்சு..."

"கதையைப் பத்தி இல்ல." புத்தகத்தை மூடினான். "இத்தனை நாளா அவ நினைச்சதை மட்டும்தான் உங்கிட்ட வந்து சொல்லிட்டிருந்தேன். எனக்குன்னு ஒண்ணு இருந்தது, அதைச் சொல்லவே இல்ல. அன்னிக்கு நூலகத்துல நீ கோவமாத் திரும்பினியே... அப்பலேர்ந்து எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அதுக்கப்புறம் புத்தகத்தையெல்லாம் வேணும்னுதான் லேட்டாத் தந்தேன். நீ வந்து கேப்பியேன்னு."

ஐலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அதை ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"நீ என்ன சொல்லுவியோன்னு பயம்."

அவனுடைய எண்ணெய்க் கறை படிந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவை ஜில்லென்றிருந்தன.

"எனக்கும் பயந்தான், டோபின்... ஆனா பிடிச்சிருக்கு. ரொம்ப."