வாலுக்குக் கீழே ஓர் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிண்டிங் கடை மாலை ஐந்து மணிக்கே மூடிவிடும்.

குருவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைத் தாள் மட்டும் இருந்தது.

“அக்கா, பூனை எங்க?” என்று கேட்டான் தம்பி.

“இனிமேதான் வரையணும்.”

“ஓ. வரைஞ்சு முடிச்சிட்டேன்னு நினைச்சேன். வெள்ளைப் பூனைதானே.”

தம்பிக்கு ஆறு வயது. வீட்டில் அவன் பெயர் சுண்டெலி. அவளைக் குருவி என்பார்கள். இரண்டு பெயரையும் வைத்தது சித்திதான். பூனைக்கு மட்டும் மரியாதையாக மேடம் என்று வைத்திருந்தாள்.

இன்று காலை முதல் மேடத்தைக் காணவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்தது சித்தியின் தையல் கடையில். மேடம் இரவில் அங்கேதான் தூங்கும். இஸ்திரி மேசை அதன் கட்டில். நேற்று இரவு சித்தி அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். காலையில் திறந்தபோது இஸ்திரி மேசையில் கொஞ்சம் முடி மட்டும் இருந்தது.

“கதவைத் திறந்ததும் காலுக்கடியில நழுவியிருக்கும்” என்றார்கள் தெருவில்.

“நழுவினா எனக்குத் தெரியாதா? மேடம் என்ன எறும்பா?” என்றாள் சித்தி.

ஆனாலும் தெரு முழுக்கத் தேடினாள். கடைக்குள்ளும் எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்தாள். மதியம் தைக்க உட்கார்ந்தாள். சட்டைக்கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் கழுத்திலேயே தைத்தாள். பிறகு மிஷினை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடவும் இல்லை.

சித்தி பேசாமல் இருந்து குருவி பார்த்ததே இல்லை. அதனால்தான் நோட்டீஸ் ஒட்டலாம் என்றாள்.

போட்டோ கிடைக்கவில்லை. மேடம் போனைக் கண்டாலே எழுந்து போய்விடும். சித்தியின் போனில் மேடத்தின் படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் முதுகுதான் தெரிந்தது.

“அப்போ நான் வரையறேன்” என்றாள் குருவி.

பூவேலை டிசைன் பார்ப்பதற்காகச் சித்தி வாங்கிய பழைய கம்ப்யூட்டர் கடை மூலையில் இருந்தது. அதில் படம் வரைய ஒரு சின்ன வசதியும் உண்டு. ஓரத்தில் பென்சில், ரப்பர், பெயிண்ட் வாளி, பூதக்கண்ணாடி எல்லாம் வரிசையாக நிற்கும். தொட்டால் கைக்கு வரும்.

குருவி முட்டை வடிவத்தை எடுத்தாள். மௌஸை அழுத்திப் பிடித்து இழுத்தாள். பெரிதாக ஒரு முட்டை வந்தது. அது உடம்பு. அதன்மேல் சின்னதாக இன்னொன்று. அது தலை.

“ரெண்டு முட்டை” என்றான் சுண்டெலி.

“சும்மா இரு.”

நேர்க்கோட்டை எடுத்துக் காதுகள் வைத்தாள். பென்சிலால் வால் போட்டாள். மௌஸைப் பிடித்து வளைவாக வரைவது கஷ்டம். வால் நடுங்கியது.

“மேடத்துக்குக் குளிருதா?”

“சும்மா இருன்னு சொன்னேன்.”

தலையும் உடம்பும் சேரும் இடத்தில், உள்ளே தேவையில்லாத கோடுகள் இருந்தன. காதுக்கு அடியிலும் வாலின் தொடக்கத்திலும் இருந்தன. ரப்பரை எடுத்து அவற்றை அழித்தாள். இப்போது எல்லாம் ஒரே பூனை ஆனது. இரண்டு கண்கள் வைத்தாள். மீசை இழுத்தாள். இடது காதின் நுனியில் குறுக்கே கோடு போட்டு, அதற்குள் மட்டும் கறுப்பு ஊற்றினாள். மேடத்தின் உடம்பில் கறுப்பு இருப்பது அந்த ஓர் இடத்தில்தான்.

“இப்போ கலர்” என்றான் சுண்டெலி. “ஆரஞ்சு ஊத்தட்டுமா?”

“மேடம் வெள்ளைடா.”

“ஆரஞ்சு நல்லா இருக்கும்.”

சுண்டெலிக்கு ஒரு ஆரஞ்சு நிறப் பூனை வேண்டும். பேச ஆரம்பித்த நாளிலிருந்து கேட்கிறான். அம்மா ஒரே பதில்தான் சொல்வாள். “தானா வந்தா பார்ப்போம்.” அவன் தினமும் வாசலைப் பார்க்கிறான். இதுவரை தானாக எதுவும் வரவில்லை.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூனை எடுப்பாகத் தெரியவில்லை. குருவி யோசித்தாள். பூனைக்கு நிறம் வேண்டாம். சுற்றிலும் நிறம் இருந்தால் போதும். பெயிண்ட் வாளியை எடுத்தாள். நீலத்தைத் தொட்டாள். தாளின் மூலையில் ஒரு தட்டு தட்டினாள்.

தாள் நீலமானது. பூனையும் நீலமானது. கண்கள் மட்டும் வெள்ளையாக முழித்தன.

சுண்டெலி நாற்காலியில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, மேடம் பேயாயிட்டாங்க!”

குருவி பின்னால் வளைந்த அம்பை அழுத்தினாள். நீலம் போனது. மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் பேய்.

“வெளியிலதானே ஊத்துறேன். உள்ள எப்படிப் போகுது?”

அப்போது பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மெத்தைக்கடை மாமா. கையில் பெரிய பை. புதுச் சட்டை.

“என்னம்மா, மேடம் வந்தாச்சா?” என்று சித்தியிடம் கேட்டார்.

சித்தி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“வந்துரும். பசிச்சா தன்னால வரும். நான் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிட்டேன். ஒரு வாரம் கடை லீவு. திரும்பி வரும்போது மேடம் என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பணும். சரியா?”

சித்தி சிரிக்க முயன்றாள். முடியவில்லை. மாமா பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

குருவி பூதக்கண்ணாடியை எடுத்தாள். நீலம் எங்கேயோ நுழைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கினாள். கோடுகள் படிக்கட்டு போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. தலை உச்சியிலிருந்து தொடங்கினாள். கோட்டை விடாமல் தொடர்ந்து போனாள். தலை சரி. காதுகள் சரி. கழுத்து சரி. முதுகு சரி.

வாலுக்குக் கீழே கோடு விட்டிருந்தது. ஒரே ஒரு கட்டம். ரப்பர் வைத்தபோது பக்கத்துக் கோட்டையும் தின்றுவிட்டது.

“இத்தனூண்டு ஓட்டை” என்றான் சுண்டெலி. “இதுக்குள்ளயா அவ்வளவு நீலம் போச்சு?”

“வழி இருந்தா போதும். எவ்வளவு சின்னதா இருந்தாலும் போயிடும்.”

பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஓட்டை அடைபட்டது. நீலத்தை ஊற்றினாள். இந்த முறை நீலம் பூனையைச் சுற்றி நின்றது. நடுவில் மேடம் வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருந்தது.

“ஐ!” என்றான் சுண்டெலி.

எழுத்தை எடுத்து, அடியில் தட்டச்சு செய்தாள். ‘காணவில்லை. பெயர் மேடம். கடிக்காது. கூப்பிட்டால் வராது. பார்த்தவர்கள் தையல் கடையில் சொல்லவும்.’

“என்ன கலர்னு போடலையே?”

“படத்துலயே தெரியுதே.”

படத்தைப் பென் டிரைவில் போட்டுத் தம்பியின் கையில் வைத்தாள்.

“எதிர்ல இருக்கிற பிரிண்டிங் அண்ணன்கிட்ட குடு. கலர்ல எடுக்கச் சொல்லு. நீ கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. புரியுதா?”

“தொடவே மாட்டேன்” என்று ஓடினான்.

குருவி திரையை அணைக்கப் போனாள். கை நின்றது.

தலையிலிருந்து வால் வரை இப்போது எங்கும் விடாத கோடு. இந்தக் கடையும் அப்படித்தானே? நேற்று இரவு கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் கம்பிவலை. எல்லாப் பக்கமும் கோடு. உள்ளே மேடம். காலையில் மேடம் இல்லை.

அப்படியென்றால் எங்கோ ஒரு கட்டம் விட்டிருக்கிறது.

அவள் எழுந்து கதவருகே போனாள். சுவரில் கை வைத்தாள். கையை எடுக்காமல் நடந்தாள். கதவு ஓரம் சரி. ஜன்னல் சரி. மிஷினுக்குப் பின்னால் சரி. அடுத்த பக்கம் சுவர் இல்லை. பலகைத் தடுப்பு. முன்பு இதுவும் மெத்தைக் கடையும் ஒரே கடையாக இருந்தனவாம். பலகையைத் தடவிக்கொண்டே போனாள். இஸ்திரி மேசைக்கு அடியில் குனிந்தாள்.

அங்கே வெட்டுத் துணி மூட்டை ஒன்று பலகையோடு ஒட்டி இருந்தது.

“சித்தி, இந்த மூட்டை எப்பவும் இங்கதான் இருக்குமா?”

“இல்லடி. காலைல மேடத்தைத் தேடுறப்போ நான்தான் தள்ளி வச்சேன். எதுக்கு?”

குருவி மூட்டையை இழுத்தாள். அது நகரவில்லை. கால் இரண்டையும் மேசையில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். நகர்ந்தது.

பலகையின் அடியில் ஆணி கழன்று, மூலை விலகியிருந்தது. ஒரு சாண் ஓட்டை. ஓட்டையின் ஓரத்தில் இரண்டு வெள்ளை முடிகள்.

“சித்தி!”

சித்தி வந்து குனிந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ. அது உள்ள போயிருக்கு. நான் தேடுறேன் தேடுறேன்னு சொல்லி, அது திரும்பி வர்ற வழியை அடைச்சு வச்சிருக்கேன்.” உடனே ஓட்டையில் முகத்தை வைத்துக் கத்தினாள். “மேடம்! மேடம்!”

பதில் இல்லை. உள்ளே எதுவோ சரிந்து மறைத்திருந்தது. பஞ்சு மூட்டை.

“மாமா ஒரு வாரத்துக்குப் பூட்டிட்டுப் போயிட்டாரே!” என்றாள் சித்தி.

அவள் சொல்லி முடிக்கும்போது குருவி தெருமுனையைத் தாண்டிவிட்டாள். செருப்பு கூடப் போடவில்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது. மாமா ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

“மாமா! இறங்குங்க! மேடம் உங்க கடையில!”

மாமா படியில் இருந்தபடியே திரும்பினார். “என் கடையில எந்த மேடம்?”

“பூனை மாமா!”

மாமா இறங்கினார். பஸ் போனது.

கடைப் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். குருவி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே எங்கே பார்த்தாலும் வெள்ளை. உறை போடாத தலையணைகள். வாய் பிரிந்த மூட்டைகள். கூரை வரை பஞ்சுக் குவியல். மேடத்தின் நிறம் எதுவோ, கடையின் நிறமும் அதுதான்.

“நேத்து சாயங்காலம் மூட்டை இறக்குறப்போ பலகைல இடிச்சுது. ஆணி கழண்டதைப் பார்க்கலை” என்றார் மாமா. “இங்க கத்தினாலும் வெளிய கேட்காது. பஞ்சு சத்தத்தை விழுங்கிடும். இதுல எப்படித் தேடுறது? ஒவ்வொரு பஞ்சாப் பிடிச்சு, எங்க மியாவ் சொல்லுன்னு கேட்கணும்.”

சித்தி ஒரு தலையணையைப் பூனை என்று தூக்கினாள். கீழே போட்டாள்.

குருவி அசையவில்லை. வெள்ளையைத் தேடவும் இல்லை. படத்தில் அவள் கறுப்பு ஊற்றியது ஒரே ஓர் இடத்தில். அதைத் தேடினாள். கீழிருந்து மேலாக, மெதுவாக, கண்ணைக் கோடு மாதிரி நகர்த்திக்கொண்டு போனாள்.

குவியலின் உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

புள்ளி ஆடியது.

“அதோ!”

புள்ளிக்குக் கீழே பஞ்சு கொட்டாவி விட்டது. இளஞ்சிவப்பு நாக்கு தெரிந்தது. இரண்டு கண்கள் திறந்து மூன்று பேரையும் பார்த்தன. பிறகு மேடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

“என்னைப் பார்த்துத்தான் திருப்புது” என்றார் மாமா பெருமையாக. “ஒரு வாரம் ஆகும்னு நினைச்சேன்.”

சித்தி ஸ்டூலில் ஏறி மேடத்தை அள்ளிக்கொண்டாள். “ஊரே உன்னைத் தேடுது, உனக்கு மெத்தை கேட்குதா? மெத்தை?” திட்டிக்கொண்டே முத்தம் கொடுத்தாள். முகமெல்லாம் பஞ்சு.

“உங்க பஸ் போயிடுச்சே மாமா” என்றாள் குருவி.

“அடுத்தது வரும். அதுல ஏறிட்டுப் போறேன்.” மாமா பூட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லவேளை, செருப்பு தேடாம ஓடி வந்தே.”

தையல் கடைக்குத் திரும்பினார்கள். மேடம் தட்டுப் பாலைக் குடித்தது. சித்தி பாத்திரத்தில் இருந்த மதியச் சாப்பாட்டை அப்படியே சாப்பிட்டாள். பேச ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. குருவிக்கு நிம்மதியாக இருந்தது.

சுண்டெலி மூச்சு வாங்க வந்தான். கையெல்லாம் பசை.

“ஒட்டியாச்சு! பிரிண்டிங் அண்ணனும் வந்தார். பஸ் ஸ்டாப், ஸ்கூல் கேட், பால் பூத், எல்லா இடத்துலயும் ஒட்டியாச்சு!” பிறகு மேடத்தைப் பார்த்தான். “ஐயய்யோ. வந்துட்டாங்களா?”

“ஒண்ணு மிச்சம் இருக்கா? காட்டு” என்றாள் சித்தி.

அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுக்கத் தயங்கினான். குருவி பிடுங்கினாள்.

நீலத் தாளின் நடுவில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில்.

“டேய்! தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“நான் தொடலையே. பிரிண்டிங் அண்ணன்தான் தொட்டார்.”

“அவர் எதுக்குத் தொட்டார்?”

“நான் விரலால காட்டினேன். வாளி இங்க இருக்கு, ஆரஞ்சு இங்க இருக்குன்னு.” அவன் படத்தைப் பார்த்தான். “கொஞ்சம் கூட வெளிய வழியலைக்கா. நீ ஓட்டையை நல்லா அடைச்சிருக்கே.”

சித்திக்குச் சிரிப்பில் புரையேறியது. குருவி கோபமாக இருக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

“வா, இருட்டுறதுக்குள்ள எல்லாத்தையும் கிழிச்சிட்டு வருவோம்” என்று எழுந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பால் பூத்காரர் நின்றிருந்தார். அவர் சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. மேல் பட்டன் இடுக்கு வழியாக ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. மீசை முழுக்கப் பால். காதிலிருந்து மூக்கு வரை ஆரஞ்சு.

மேடம் பால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சுண்டெலி மூச்சு விடவில்லை.

“மூணு நாளா பூத்துக்குப் பின்னால தனியாக் கத்திக்கிட்டு இருந்துச்சு. யாரும் தேடி வரலையேன்னு நினைச்சேன். இப்போதான் நோட்டீஸைப் பார்த்தேன்” என்றார் பால் பூத்காரர். “ஏன் தம்பி, இது உங்க பூனைதானே?”