சபியாவுக்கு வந்த கோடுகள்

மகளை ‘என் கண்ணின் மணியே’ என்று அழைக்க என்ன விலை? கொழும்பில் பத்துச் சதம். தபால்தலைக்குத் தனி.

கீழக்கரைச் சபியாவுக்கு இந்த விலை தெரியாது. மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வாப்பாவின் கடிதம் வரும். முத்து முத்தான எழுத்து! பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அதை மடித்து வைப்பாள்.

ஒருநாள் காலிதாவும் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். சபியாவின் வாப்பா மூட்டை இறக்கும் அதே அரிசிக் கிட்டங்கியில்தான் அவளுடைய வாப்பாவுக்கும் வேலை.

“ஏடி, இங்கன பாரு! எனக்கும் கண்ணின் மணிதான். ஒரே எழுத்து, ஒரே வரி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாப்பாவா?” என்று சிரித்தாள் காலிதா.

சபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உம்மா, இதை எழுதுனது யாரு?”

உம்மாவின் கை நின்றது.

“கணக்கப்பிள்ளை பாக்கர். உங்க வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாதும்மா. மூட்டை இறக்கயில மூட்டைக்கு ஒரு கோடு போடுவாக, அம்புட்டுத்தான். கடிதாசிக்குப் பத்துச் சதம் கொடுத்துருவாக.”

“அப்ப, கண்ணின் மணி?”

“அது பாக்கர் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுறது.”

“வாப்பா எனக்கு என்னதான் சொன்னாக?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

அன்று ராத்திரி சபியா ஒரு தாள் எடுத்தாள். ‘ஏன் வாப்பா மறைச்சீங்க?’ என்று கோபமாக எழுதினாள். ஆனால், அதை வாப்பாவுக்குப் படித்துச் சொல்லப்போகிறவரும் பாக்கர்தானே! பத்துப் பேர் நடுவே வாப்பா தலைகுனிந்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டாள்.

வேறு தாள் எடுத்தாள். யார் படித்தாலும் சின்னப் பிள்ளையின் ஆசை என்றுதான் நினைப்பார்கள்.

‘வாப்பா, என்னை நினைக்கிற நாளெல்லாம் ஒரு துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாத முடிவில் அதை அனுப்புங்கள். நான் எண்ணிப் பார்ப்பேன்.’

அடுத்த கடிதம் தாமதமாகத்தான் வந்தது. அதே முத்தெழுத்து, அதே கண்ணின் மணி. இந்தப் பெருநாளுக்கும் வர முடியாதாம். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடிதத்துக்குள்ளிருந்து ஓர் அழுக்குத் தாள் விழுந்தது. கோணலும் மாணலுமாகப் பென்சில் கோடுகள்.

உம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் இதைப் படிக்க அவளுக்குச் சபியா தேவைப்படவில்லை. இருவரும் விரல் வைத்து எண்ணினார்கள்.

நிமிர்ந்து நாலு, குறுக்கே ஒன்று. அப்படி ஆறு கட்டு. உதிரியாக ஒன்று. ஆக முப்பத்தொன்று.

அந்த மாதத்துக்கு நாளும் முப்பத்தொன்று.