கோணல் கோட்டு வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆனால் மங்கையர்க்கரசி கோணல்மாணலாக வரையக் கிளம்பிவிடுவாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ், அதற்குள் பன்னிரண்டு கிரேயான்கள். வேலூரில் அந்த நேரத்துக்கே நாற்பத்தெட்டு டிகிரி. உடம்பைக் குளிர வைக்கிற குளிர்ச்சட்டை மாட்டாமல் தெருவில் இறங்க முடியாது. கல்யாண மண்டபத்தின் அடித்தளத்தில் 'சமையல் வகுப்பு' என்று பலகை தொங்கும் அறை. உள்ளே நாற்பது அம்மாக்களும் ஏழெட்டு அப்பாக்களும் இடது கையில் கிரேயானைப் பிடித்துக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை போல வரையப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

"கோட்டைத் தாண்டிக் கலர் அடிங்கம்மா, பயப்படாதீங்க," என்பார் மாஸ்டர் பிரபாகரன். "சூரியனுக்கு மூக்கு வைங்க. குழந்தைங்க வைக்கும்."

சிரிக்காதீர்கள். அவர்களுக்கு இது வாழ்வா சாவா விவகாரம். கத்திரி வெயில் வருஷத்தில் ஏழு மாதம் நீடிக்கத் தொடங்கியதும் பள்ளிக்கூடம் வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குச் சுவர் மணியடிக்கும். இயந்திர ஆசிரியை அதில் தோன்றிப் பாடம் நடத்துவாள். கணக்கும் அறிவியலும் பிள்ளைகளின் காதோரச் சில்லிலேயே இருந்ததால் அவற்றில் யாரும் தோற்பதில்லை. பிள்ளைகளைத் தரம் பிரிக்க மிச்சமிருந்தது கைவேலை ஒன்றுதான். இயந்திரம் கலக்காத, பெரியவர் தொடாத, குழந்தையின் சொந்தக் கற்பனை. அதை அளக்கப் பிஞ்சுமானி என்று ஒரு கருவி வைத்தார்கள். தொடுதாளில் வரைந்ததும் கோட்டின் நடுக்கம், அழுத்தம், கலர் சிந்திய அளவு எல்லாம் பார்த்து, இது எத்தனை சதவீதம் குழந்தையின் கை என்று அது சொல்லிவிடும். வீட்டுக்குள் கேமரா வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கருவிக்குத் தாள்தான் தெரியும், வரைந்த ஆளைத் தெரியாது.

எண்பது வந்தால் ஆக்கப் பிரிவு. குறைந்தால் மேற்பார்வைப் பிரிவு, அதாவது இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று ஆயுசுக்கும் பார்க்கிற வேலைக்கான படிப்பு. முதல் வகுப்பு முடிவிலேயே தலையெழுத்து தீர்மானமாகிவிடும். மங்கையின் அண்ணன் இருபது வருஷமாக விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம் அவள் கிரேயானைக் கையில் எடுத்துவிடுவாள்.

மகள் தேனருவிக்காக வருஷம் முழுக்க மங்கையே வரைந்தாள். தீபாவளிப் படத்துக்கு எண்பத்தொன்பது, பொங்கல் படத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. "கள்ளமில்லாத கை," என்று ஆசிரியை பாராட்டியபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தேனு ஆசையாகக் கிரேயானைத் தொட்டால் மட்டும், "வை கீழ! அம்மாவுக்கு வேணும்," என்று ஒரு அதட்டல்.

ஆண்டுத் தேர்வு வந்தது. தலைப்பு, 'என் வீடு'. பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். காலை ஒன்பதுக்கு, உலர்ந்த துணியை எடுக்கிற அவசரத்தில் கையுறை போடாமல் மாடியேறிய மங்கை, வெயிலில் கொதித்துக் கிடந்த இரும்புக் கைப்பிடியை இடது கையால் பிடித்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

வலி கிடக்கட்டும், பயம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. வலது கையால் வரைந்து பிஞ்சுமானியில் ஒத்திகை பார்த்தாள். பதினேழு. கணவன் வைரவன் கட்டட வரைபடம் போடுகிறவன்; அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்னங்க இது, ஸ்கேல் வெச்ச மாதிரி! கொஞ்சம் கோணலாப் போடுங்களேன்!"

"கோணலாத்தான் போடறேன் மங்கை. கை தானா நேராப் போகுது, நான் என்ன பண்ணட்டும்?"

நான்கு என்றது கருவி. மணி பதினொன்றரை. மங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என் பொண்ணு வாழ்க்கையே போச்சே," என்று தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"அம்மா, நான் வரையட்டா?"

இருவரும் திரும்பினார்கள். அந்த வீட்டில் ஆறு வயதில் ஒருத்தி இருப்பதே அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

தேனு குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் வரைந்தாள். நீல நிறத்தில் ஒரு மேசை. அதன்மேல் கவிழ்ந்திருக்கும் ஒரு பெரிய அம்மா. அம்மாவின் கையில் பன்னிரண்டு கிரேயான்களும் இருந்தன. தள்ளி, கதவோரத்தில் வெறுங்கையோடு ஒரு சின்னப் பெண். ஒரு வருஷமாக இவளை எங்கே நிற்க வைத்திருந்தோம் என்று மங்கைக்கு நெஞ்சு சுட்டது. மகளை இழுத்து அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். பன்னிரண்டடிக்க ஒரு நிமிடம். ஒத்திகை பார்க்க நேரமில்லை, தேவையும் இல்லை. குழந்தையே வரைந்ததுக்கு நூறு வராமல் வேறென்ன வரும்?

இருபத்துமூன்று வந்தது.

"பெரியவர் கை கலந்திருக்கிறது," என்றாள் சுவரில் ஆசிரியை.

"ஐயோ, சத்தியமா என் பொண்ணுதான் வரைஞ்சா டீச்சர்! இந்த ஒண்ணுதான் அவளே..." சொல்ல வந்ததை மங்கை பாதியில் விழுங்கினாள்.

"இந்த வட்டாரக் குழந்தைகள் பன்னிரண்டு வருடமாக அனுப்பிய நாலு லட்சம் படங்களைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன் அம்மா. குழந்தையின் கோடு நடுங்கும். சூரியனுக்கு மூக்கு இருக்கும். இந்தக் கோடு தயங்காமல் அழுத்தமாக ஓடுகிறது. சூரியனே இல்லை. வீட்டுக்குள் ஒருவர் தனியாக நிற்பதை எந்தக் குழந்தையும் இதுவரை வரைந்ததில்லை."

நாலு லட்சம் படங்கள்! மங்கைக்கு அடித்தள அறையும், வரிசை வரிசையாக நடுங்கும் இடது கைகளும் கண்முன் வந்தன.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா அம்மா?"

உண்மையைச் சொன்னால் தீபாவளி மார்க்கும் போகும், பொங்கல் மார்க்கும் போகும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வைரவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல டீச்சர். மறுதேர்வுல நல்லா வரைவா."

மறுதேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, கட்டுப் போட்ட கையோடு மங்கை அடித்தளத்துக்குப் போனபோது குட்டிக் குளிர்ச்சட்டையில் தேனுவும் கூட வந்தாள். மாஸ்டர் ஆச்சரியப்படவில்லை.

"இந்த மாசம் இது நாலாவது குழந்தைம்மா. பாவம், எல்லாம் தப்புத் தப்பா வரையுதுங்க. சரி பண்ணிடலாம்." தேனுவின் வலது கையிலிருந்த கிரேயானை வாங்கி இடது கையில் வைத்தார். "கையை நடுங்க விடு கண்ணு. சின்னப் புள்ள வரையற மாதிரி வரையணும், தெரியுதா?"

தேனு கிரேயானைப் பார்த்தாள், வெள்ளைத் தாளைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"சின்னப் புள்ள எப்படிம்மா வரையும்?"

"இதோ, அம்மாவைப் பாத்து வரை," என்று மங்கை ஒரு சூரியனைப் போட்டு, அதற்கு மூக்கு வைத்துக் காட்டினாள்.