மெயினை அணைத்த பிறகும்

அன்று மாலை அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கணவன் ஜன்னலோரக் கட்டிலில், காலை மடக்கிக்கொண்டு. மாமியார் கதவை ஒட்டிய நாற்காலியில், மடியில் பூண்டுத் தட்டோடு. எலக்ட்ரீஷியனான அண்ணன் தரையில், டெஸ்டரும் கையுமாக. அவள் மேஜை முன்னால், வீட்டு வரைபடங்கள் வரையும் பழைய பெட்டி மானிட்டருக்கு எதிரே.

திரையில் யாரோ கட்டப்போகும் சமையலறையின் சுவர். நேர்கோடு. அது தண்ணீருக்கடியில் கிடக்கும் நூலைப் போல மெல்ல நெளிந்துகொண்டிருந்தது.

"ஆடுதா அண்ணா?"

"ஆடத்தான் செய்யுது பாப்பா."

அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பார்த்ததாக ஒப்புக்கொண்ட முதல் ஆள் அண்ணன்தான். கணவன் முதலில் அவள் கண்ணைக் குறை சொன்னான். கண் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் மனசைக் குறை சொன்னான். மனநல மருத்துவமனையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமாம். அண்ணன் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று கெஞ்சி வாங்கிய மாலை இது. கோளாறு வயரில்தான் என்று அவன் சொல்லிவிட்டால் போதும்.

"மோட்டார் வச்சதெல்லாம் காந்தம் மாதிரி. பக்கத்துல இருந்தா படத்தை இழுக்கும்," என்றான் அண்ணன். "உங்க ஃப்ரிட்ஜ் உறுமுறதைப் பாத்தா வீட்டுக்குப் பெரியவரே அதுதான் போல, மாப்பிள்ளை."

கணவன் சிரித்தான். அண்ணன் ஒவ்வொன்றாக அணைத்தான். ஃபேன் கடைசிச் சுற்றை முனகிக்கொண்டே முடித்தது, ஃப்ரிட்ஜ் உடம்பை ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது, டியூப்லைட்டின் ரீங்காரம் போனதும்தான் அப்படியொரு ரீங்காரம் இவ்வளவு நேரம் காதில் இருந்ததே தெரிந்தது, பூண்டு வாசனையும் சூடான தூசி வாசனையும் அறைக்குள் தேங்கி நின்றன. கோடு நெளிந்தது. மெயினையும் அணைத்தான். மானிட்டரை பேட்டரியில் ஓடவிட்டு, அந்த யு.பி.எஸ் பெட்டியைக்கூட நீள வயர் போட்டு முற்றத்தில் கொண்டுபோய் வைத்தான்.

அந்தியின் சாம்பல் வெளிச்சம். நிசப்தம். நடுவில் நீலத் திரை.

கோடு முன்னைவிட அதிகமாக நெளிந்தது.

"பாத்தியா அண்ணா, இன்னும் ஆடுது."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவள் கணவனைப் பார்த்தான்.

"எங்க ஆடுது? நேராத்தானே இருக்கு."

"இப்பதானே ஆடுதுன்னு சொன்னே?"

"சும்மா உன் மனசுக்காகச் சொன்னேன்."

"நாங்க சொன்னப்ப கசந்துச்சு," என்றாள் மாமியார். மூவரும் பேசிக்கொள்ள முற்றத்துக்குப் போனார்கள்.

கோடு நிமிர்ந்தது.

அடிஸ்கேல் வைத்து இழுத்தது போல நின்றது. மாமியார் தட்டை எடுக்க உள்ளே வந்தாள். நெளிந்தது. போனாள். நிமிர்ந்தது. கணவன் கதவருகே எட்டிப் பார்த்தான். சுவர், ஜன்னல், அடுப்பு மேடை எல்லாம் அவன் பக்கமாகச் சாய்ந்தன. தலையை இழுத்துக்கொண்டான். நிமிர்ந்தன.

ஒவ்வொன்றாகத்தான் அணைத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை.

"அண்ணா. நீ மட்டும் வா."

அவன் வாசற்படியில் கால் வைப்பதற்குள்ளேயே கோடு அவன் பக்கமாக வளைந்துவிட்டது.

"நீயும் இவங்களை மாதிரி ஆனது எப்பலேர்ந்து?" என்றாள்.

"உனக்கு மாப்பிள்ளை பாக்க இந்த வீட்டுக்கு வந்தேனே. அன்னைக்குத்தான்."

"தெரிஞ்சேதான் என்னைக் கொடுத்தியா?"

"உனக்கும் பழகிடும்னு நெனச்சோம். உனக்கு ஒட்டவே மாட்டேங்குது பாப்பா." அவன் அவள் தலையைத் தடவினான். உள்ளங்கையில் லேசான அதிர்வு. ஓடும் மோட்டாரின் மேல்மூடி போல. "ஆஸ்பத்திரியில எல்லாரும் நம்ம ஆளுங்கதான். பயப்படாதே."

கணவன் குறுக்கே வந்து கதவில் நின்றான். பின்னால் மாமியார்.

அண்ணன் அவள் மேஜையிலேயே உட்கார்ந்தான். அவள் பேனாவாலேயே டாக்டருக்கு எழுதினான். தங்கைக்கு இல்லாததெல்லாம் தெரிகிறது. வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. நானே சோதித்துவிட்டேன். மடித்தான். உறையில் போட்டான். ஓரத்தை நாக்கால் நனைத்தான்.

திரையில் இருந்த வீடு முழுவதும் அந்த நாக்கை நோக்கி வளைந்தது.

ஒட்டினான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். கணவனிடம் நீட்டினான்.

"தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுட்டு வந்துடுங்க மாப்பிள்ளை."