உள்பக்கக் கைப்பிடி

கார் வீட்டுக்கு வரப்போகும் காலையில், பெருக்கிய கொட்டகைத் தரையையே அத்தான் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அத்தான் ஒரு கார் விற்பனை நிறுவனத்தின் யார்டில் மேற்பார்வையாளர். லாரியில் வந்து இறங்கும் புதுக் கார்களைக் கழுவி, மெழுகு பூசி, மேலே உறை போர்த்தி, வாங்குபவர் கைக்குப் போகும்வரை காப்பது அவருடைய பிரிவின் வேலை. ஊரார் காரைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர், சொந்தக் கார் என்றால் விடுவாரா? கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்கண்ணாடி பந்தைத் தொட்டால் அங்கே நிறுத்த வேண்டும். கதவு சுவரில் இடிக்காமலிருக்கப் பழைய மெத்தையை வெட்டி ஒட்டியிருந்தார்.

அக்கா கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நான் கல்யாணமாகி வந்தன்னைக்கு எனக்கு ஒரு பாயைக்கூட உதறிப் போடலை இந்த மனுஷன்."

அத்தான் சிரிக்கவில்லை. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கார். யார்டு டிரைவர்தான் ஓட்டிவந்தார். வந்தால் வம்பளக்காமல் போகாத மனிதர், அன்றைக்குத் தண்ணீர்கூட வேண்டாமென்று சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

அன்று மாலையே அத்தான் சட்டங்களை அறிவித்தார். காருக்குள் செருப்பு கூடாது, தின்பண்டம் கூடாது. காரின் உடம்பைக் கழுவும் துணியால் சக்கரத்தைத் தொடக் கூடாது. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. முக்கியமாக, சீட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக்கை ஒரு வருஷத்துக்குக் கிழிக்கக் கூடாது. ரிமோட்டையே பிளாஸ்டிக் பையிலிருந்து எடுக்காத குடும்பம் எங்களுடையது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அக்காவின் மகள் பட்டாணி மட்டும், "அப்போ நாம கார் மேல உக்காரப் போறதில்லையா, பிளாஸ்டிக் மேலதானா?" என்று கேட்டாள்.

எனக்கு மாலையில்தான் வகுப்பு. பகலெல்லாம் வீட்டில் இருப்பதால் காரின் உள்பக்கம் என் பொறுப்பானது. தூசியைப் பிரஷ்ஷால் தட்டுவேன். ஈரத் துணியால் துடைப்பேன். கடைசியில் கண்ணாடிகளை உள்ளிருந்து செய்தித்தாளால் தேய்ப்பேன். முடிந்ததும் பூட்டி, உறையை இழுத்துப் போர்த்தி, அடியில் கயிற்றைக் கட்டிவிட்டு, சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டுவேன்.

ஒருநாள் காலை உறையை நீக்கியபோது, பின்பக்கக் கண்ணாடியில் ஒரு கைத்தடம் இருந்தது.

வெளியிலிருந்து துடைத்தேன். போகவில்லை. தடம் உள்ளே இருந்தது.

எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். ஆகவே, நேற்றுச் சரியாகத் துடைக்கவில்லை என்று முடிவு செய்து, உள்ளே ஏறி நன்றாகத் தேய்த்தேன். மறுநாளும் இருந்தது. பட்டாணியின் கையா? அவள் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். தடத்தின் உள்ளங்கைக்குள்ளேயே அவள் கை முழுதும் அடங்கிவிட்டது. என் கையா? என் விரல்கள் நீளம். இது குட்டையான, அகலமான கை.

அதன் பிறகு துடைத்து முடித்ததும் பின் சீட்டுப் பிளாஸ்டிக்கைச் சுருக்கமே இல்லாமல் இழுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் போய் உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே கண் கூசும் வெயில். உறைக்குள் மட்டும் பழுப்பான இருட்டு. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்தது போல, சீட்டின் நடுவில் பிளாஸ்டிக் குழிந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சரசரத்தது.

பாரம் ஒருபக்கமாக நகர்ந்தது.

கண்ணாடியில், என் முகத்துக்கு நேராக, உள்ளிருந்து ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

கதவிடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. புதுக் காரின் ரப்பர் வாசனை இல்லை. கிராம்பு.

அன்று சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். வெயிலில் பிளாஸ்டிக் சுருங்கும், ஈரத் துணியால் ஆவி கட்டும் என்று அவரே பொறுமையாகக் காரணங்கள் சொன்னார். எனக்கும் அவை போதுமென்று தோன்றியது. எழுந்தபோது சும்மா கேட்டேன். "யார்டுல யாராவது கிராம்பு மெல்லுவாங்களா அத்தான்? உள்ளே அந்த வாசனை அடிக்குது."

அவர் கையிலிருந்த தம்ளர் மேசையில் இடித்தது. இனி உள்பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆனால் பார்க்கவில்லை. அதன் பிறகு அவரைக் கவனித்தேன். கதவைத் திறந்தே வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடிதான் வண்டியைக் கிளப்புவார். ஓட்டும்போது மழையென்றாலும் கண்ணாடியை ஏற்ற மாட்டார். "பஸ்ஸுல வந்திருந்தா இவ்வளவு நனைஞ்சிருக்க மாட்டோம்" என்று அக்கா கேலி செய்தாள்.

நம்பர் பலகை மாட்ட யார்டு டிரைவர் மறுபடி வந்தபோது அத்தான் வீட்டில் இல்லை. அவர் திருகாணியை முடுக்கும்வரை காத்திருந்து, பின்கண்ணாடியைக் காட்டினேன். அன்றைக்குக் கைத்தடங்கள் நிறைய இருந்தன.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

அப்புறம், உட்காராமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். யார்டில் உள்பக்கம் துடைக்கிற பெண் ஒருத்தி இருந்தாளாம். பல்வலிக்காரி, எப்போதும் வாயில் கிராம்பு. போன கோடையில் இந்தக் காருக்குள் செத்துக் கிடந்தாள். வேலை நேரத்தில் ஒளிந்து படுத்துத் தூங்கியவள், இதயம் நின்று போய்விட்டாள் என்று அத்தான் எழுதிக் கொடுத்தார். அதுவே முடிவாகிவிட்டது. யாரும் வாங்காமல் கார் கிடந்தது. கடைசியில் முதலாளி அத்தானையே குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அத்தான் தயங்கினாராம். "தூக்கத்துல போனான்னு நீதானே சொன்னே? அப்புறம் என்னய்யா பயம்?" என்று முதலாளி சிரித்ததும் சம்மதித்தாராம்.

யார்டில் நிற்கும் கார்களுக்கு பேட்டரி இறங்காமலிருக்க ஒரு ஃபியூஸைக் கழற்றி வைப்பார்கள் என்றும் சொன்னார். ஹாரன் அடிக்காது, கண்ணாடி இறங்காது. வெளியே சாவியால் இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டால், உள்பக்கக் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. அதற்குமேல் உறையும் போர்த்திவிட்டால், உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது.

"உறையை எடுத்தது நான்தாம்மா. கண்ணாடி முழுக்கக் கை. தூங்கினவ எதுக்கும்மா அப்படித் தட்டணும்?"

அவர் திருப்புளியை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அவ தங்கச்சி கேட்ல வந்து நின்னா. அழலை. 'எங்கக்கா பகல்ல தூங்க மாட்டா'ன்னு அது ஒண்ணுதான் சொன்னா. யாரும் காதுல போட்டுக்கலை."

எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லலாமா என்று இரண்டு மனமாக இருந்தேன். வெறும் வாசனையையும் கைத்தடத்தையும் வைத்து அவள் குடும்பத்தில் கல்லெறிவதா? நன்றாக உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த விடுமுறை நாளில், நல்ல உச்சி வெயிலில், பட்டாணியைக் காணவில்லை.

கட்டிலுக்கடியில், மொட்டை மாடியில், பக்கத்து வீட்டில் எல்லாம் தேடினோம். சாவி ஆணியில்தான் தொங்கியது. கார் உறையின் கயிறும் நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. ஆனால் கொட்டகைக்குள் நுழைந்ததும் கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. நான் உறையைப் பிடித்து இழுத்தேன்.

பட்டாணி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழவில்லை. தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருக்கும் யாரோ சொல்வதைக் கேட்பது போலிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆழமாகக் குழிந்திருந்தது.

சாவி துவாரத்துக்குள் போனது, திரும்பவில்லை. "உள்ளேருந்து கைப்பிடியை இழு கண்ணு" என்று அக்கா கெஞ்சினாள். பட்டாணி இழுத்தாள். கைப்பிடி செத்த விரல் போலத் தளர்ந்து வந்தது. அத்தான் ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை அடித்தார். கம்பிதான் வளைந்தது. காரின் தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

பட்டாணி கண்ணாடியருகே வந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது.

"அப்பா, இந்த ஆன்ட்டி கேக்குறாங்க. கவரை யார் போட்டதுன்னு."

அத்தானின் கையிலிருந்து கம்பி விழுந்தது.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "யாருங்க அது? என்ன கேக்குறா குழந்தை?"

"வெயில்ல உளறுது. நீ கல்லைக் கொண்டா."

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. பட்டாணியின் முகம் மங்கியது. நெற்றி மறைந்தது, கண்கள் மறைந்தன. வெள்ளைப் படலத்தில் ஒரு கைத்தடம் விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. எங்கள் கண்ணெதிரே தடங்கள் விழுந்துகொண்டே இருந்தன, சத்தமில்லாமல்.

"சொல்லுங்க அத்தான்," என்றேன். "குழந்தை உள்ளே இருக்கா."

அவர் மண்டியிட்டார்.

"நான்தான். நான்தான் பூட்டினேன், கவரும் நான்தான் போட்டேன்." மூச்சு வாங்கினார். "கஸ்டமர் முன்னாடி என்னை எதிர்த்துப் பேசினா. அரை மணி நேரம் வேகட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ள வேற வேலை வந்துடுச்சு."

பூட்டு அசையவில்லை.

பட்டாணியின் குரல் மட்டும் வந்தது. "தட்டினது கேட்டுச்சான்னு கேக்குறாங்கப்பா."

அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கேட்டுச்சு."

பூட்டு திறந்துகொண்டது.

அக்கா குழந்தையை வாரி எடுத்தாள். அந்த வெக்கையில் பட்டாணியின் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தாள். கதவு தானாகத் திறந்ததாகவும், ஆன்ட்டி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னாள். "பயப்படாதே, உன்மேல எனக்குக் கோவம் இல்லைன்னாங்க."

அன்றே அக்கா காரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். டிரைவர் சொன்னதையெல்லாம் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். அத்தானிடம் அவள் கேட்டது இரண்டுதான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், அந்தத் தங்கச்சி வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்குப் போகிறேன் என்றார். அந்த நாளைக்கு வரவே இல்லை. வேலை போகும், ஜெயில்தான், குழந்தையை யார் பார்ப்பது என்றார். செத்தவள் திரும்பியா வரப்போகிறாள் என்றும் ஒருநாள் சொன்னார்.

அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவருக்குத் திரும்ப வெளியே வர முடியவில்லை.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தோம். நான் வெளியிலிருந்து தொட்டதும் திறந்தது. அடுத்து படுக்கையறை. அப்புறம் அலுவலகக் கழிப்பறை, அங்கே காவலாளி வந்து திறந்துவிட்டாராம். எந்தக் கதவானாலும் அவர் உள்ளே போனால் அது மூடிக்கொள்கிறது. உள்ளிருந்து அவருக்குத் திறப்பதில்லை. தச்சரை வரவழைத்து வீட்டிலிருந்த தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். வெறும் பலகைகள்தான் இப்போது. அப்படியும் அவர் தோளால் முட்டிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பட்டாணி ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் எந்தக் கதவும் உங்களைப் பிடிக்காது" என்று அக்கா தினமும் சொல்கிறாள். கோபமில்லாமல், சாப்பிட வாங்க என்று கூப்பிடுவது போல. அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். முன்பெல்லாம் தட்டியதும் அவள் ஓடுவாள். இப்போது கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள்.

இன்று நான் வகுப்புக்குக் கிளம்பும்போது அவர் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையில் மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டிலேயே வெயில் எட்டிப் பார்க்காத, சுவரில் ஈரம் கசியும் அறை அது. அவர் தட்டினார். அக்கா பட்டாணியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தண்ணி," என்றார் அவர் உள்ளிருந்து. "வேகுது. கதவைத் திற."

"நீ கிளம்பு, உனக்கு நேரமாச்சு," என்றாள் அக்கா என்னிடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போகிற போக்கில் தள்ளிவிட்டுப் போகலாமென்று கதவில் கை வைத்தேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

மரக் கதவுதான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.