கடைசி வார்த்தை கண்ணாடிக்கு

'க்ரீஈஈச்…'

"ஐயோ! யாருங்க அது, பூனை வாலை மிதிச்சது?"

அர்லீத்தா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பூட்டிக் கிடந்த பஞ்சு ஆலையின் தாழ்வாரத்தில் தனியாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். மழையிலிருந்து ஓடிவந்த ஒருவன் தொப்பியை உதறிக்கொண்டு நின்றான். இமைகளில் தண்ணீர்… நடுவே சிரிக்கும் இரண்டு கண்கள்.

அவள் மடியில் கிட்டார். சுண்டுவிரலில், கம்பிமேல் வழுக்கி வாசிக்க, உடைத்து ஓரம் தேய்த்த கண்ணாடி பாட்டில் கழுத்து.

"மழைக்கு ஒதுங்க வந்தா வாயை மூடிட்டு நிக்கணும்!"

"சரி, மூடிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு. எதுக்குங்க அந்த அமுக்கு அமுக்குறீங்க? கம்பி என்ன, ஓடியா போயிடும்?"

"அமுக்காம எப்படிச் சத்தம் வரும்?"

"கண்ணாடி தொட்டாலே போதும். அதுவும் இந்தக் குறுக்குக் கம்பிக்கு நேர் மேல. நடுவுல நின்னா சுருதி சேராது."

தொட்டாள். வழுக்கவிட்டாள். கிட்டார் மனுஷக் குரலில் முனகியது… அவளுக்கு மேனி சிலிர்த்தது.

அவன் பெயர் ஓசல். பகலில் டிராக்டர். சனிக்கிழமை மாலையில் மீன் வறுத்து, சாராயமும் விற்கும் இடங்களில் பாட்டு. அதன் பிறகு, மழை பெய்யாத நாட்களிலும் அவன் மழைக்கு ஒதுங்க வந்தான்!

ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். சர்ச்சை நடத்தும் மூப்பர்களில் ஒருவர், டீக்கன்.

"தம்பி, என் பொண்ணு சாமி பாட்டுப் பாடுறவ. நீ வாசிக்கிறது குடிக்கிற இடத்துப் பாட்டு. ரெண்டும் ஒரே மடியில இருக்கக் கூடாது."

"சரிங்கய்யா." தொப்பியைக் கழற்றினான். போய்விட்டான்.

'ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினா என்னவாம்?' அவளுக்கு அழுகை முட்டியது. 'அவர் பேசலைன்னா… நான்தான் பேசணும்.'

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சர்ச் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி வறுவல், சோளரொட்டி. கடைசி மேசையில் தன் அம்மாவோடு ஓசல்… தலையே நிமிரவில்லை.

அர்லீத்தா கிட்டாரை எடுத்தாள். அப்பாவின் கை பாதியில் நின்றது.

"இருட்டுல என் கையைப் புடிச்சது…" என்று பாடி நிறுத்தினாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வரியின் கடைசி வார்த்தையை வாய் பாடாது. கண்ணாடிதான் பாடவேண்டும்.

பழைய பழக்கம். அமுக்கிவிட்டாள். கீச்சென்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மூச்சை விட்டாள். விரலைத் தளர்த்தினாள்… வழுக்கவிட்டாள்.

'க…ர்…த்தர்…'

பெண்கள் கையிலிருந்த விசிறிகள் நின்றன.

"ஆமென்!"

அப்பாவின் குரல்! அவரை அறியாமல் வந்துவிட்டது. வெட்கத்தோடு தொண்டையைச் செருமினார்.

"அவர் பேரைத்தான் சொல்லுது… யாரும்மா சொல்லிக் குடுத்தது? அவனா?"

ஆமென்று தலையசைத்தாள்.

அப்பா கோழி வறுவல் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பெரிய துண்டாகப் பார்த்து ஒரு தட்டில் வைத்தார்.

"கொண்டு போய்க் குடு. ஆறிடப் போகுது."

தட்டை வாங்கிய ஓசல் சாப்பிடவில்லை. அவளையே பார்த்தான். அந்தக் கண்களைப் பார்த்துப் பேச அவளுக்கு ஏது தைரியம்? கிட்டாரோடு உட்கார்ந்து மெல்லப் பாடினாள்.

"நான் ஆசைப்பட்டது…"

கண்ணாடி இரண்டே ஒலி சொன்னது.

"கடைசி வார்த்தை காதுல விழலையே?"

"பொய்! நல்லாவே விழுந்துச்சு உங்களுக்கு."

"விழுந்துச்சு…" தட்டைக் கீழே வைத்தான். "வாயால ஒரு தடவை சொல்லேன், அர்லீத்தா."

விரலிலிருந்து பாட்டில் கழுத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஓசல்," என்றாள்.