மல்லாட்டைக் கொட்டகையில் ஒரு யானை

லூர்துமேரிக்குக் கட்டைவிரல் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. காலையிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைத்து உடைத்து நகக்கண் சிவந்து வீங்கிவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பினால் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் அந்தக் கொட்டகையில் கையை வாய்ப் பக்கம் கொண்டுபோவது ஆபத்து.

அவள் கொண்டுபோனாள்.

"ஏய்! வாயில இன்னா?" சக்கரபாணி மேஸ்திரி கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரியய்யா. வெரலு வலிக்குது."

"வெரலு வலிச்சா வாயில வெப்பியா? கண்ணு வலிச்சா இன்னா பண்ணுவ? பாடு, பாடு!"

லூர்துமேரி மறுபடியும் பாடத் தொடங்கினாள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். திண்டிவனம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரியின் மண்டி இருந்தது. ஆடியில் விதைக்க வேண்டிய மல்லாட்டையைக் கோடையில் அங்கேதான் உடைப்பார்கள். மிஷினில் போட்டால் தோலுக்குள் இருக்கும் பயிறு பிளந்துவிடும். பிளந்த பயிறு முளைக்காது. அதனால் எல்லாம் கைவேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளும் அம்மாக்களோடு முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொட்டகை முழுக்கச் செம்மண்ணும் காய்ந்த தோலும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை ஒரு முறை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது.

வேலை செய்கிறவர்கள் பயிறைத் தின்றுவிடக் கூடாது என்று மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். யாருடைய வாயும் ஓயக் கூடாது.

"பாடிக்கினே இருந்தா எப்படித் தின்னுவீங்க? நானும் பாக்கறேன்!" என்பார்.

ஆகவே காலையிலிருந்து சாயங்காலம் வரை இருபது பேரும் பாடுவார்கள். நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, கோயில் பாட்டு எல்லாம் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். பிறகு முதலிலிருந்து மறுபடியும்.

லூர்துமேரிக்கு விரல் வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

நான்காம் வகுப்பு முடிந்த அன்று வாத்தியார் சொல்லியிருந்தார்: "லீவு முடிஞ்சி வந்ததும் ஒவ்வொருத்தரையும் ஒரு பக்கம் படிக்கச் சொல்வேன். தடுமாறினா மறுபடியும் நாலாங்கிளாஸ்தான்."

அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர். அவர் சொன்னது இன்னும் சுருக்கம். "ஒரே கிளாஸ்ல ரெண்டு வருசம் ஒக்கார வெக்க என்னால ஆவாது. கீழ எறக்கினா நேரா மண்டிக்கு வந்துடு."

அவர் சும்மா சொல்லவில்லை. லூர்துமேரிக்குப் பக்கத்திலேயே பூமாலை உட்கார்ந்திருந்தாளே! பன்னிரண்டு வயது. கொட்டகையிலேயே வேகமான கை அவளுடையதுதான். போன கோடை முழுக்க மல்லாட்டை உடைத்ததில் எழுத்தெல்லாம் மறந்து, பள்ளிக்கூடம் திறந்ததும் தடுமாறினாள். கீழே இறக்கினார்கள். அன்றோடு அவள் சிலேட்டுப் பலகையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

லீவில் படிக்கச் சொல்லி வாத்தியார் ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருந்தார். அந்தத் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். "உங்க வூட்டுக் கூரைதான் புதுசு, ஒழுகாது" என்று லூர்துமேரியிடம் ஒப்படைத்திருந்தார். அட்டை கிழிந்துபோனதால் அதற்குப் பெயரில்லை. ஆனால் எப்போது படிப்பது? பகலெல்லாம் கொட்டகை. இருட்டிய பிறகு படிக்கலாமென்றால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம்.

மறுநாள் லூர்துமேரி புத்தகத்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். கோணியை மடியில் போட்டு அதற்கடியில் விரித்து வைத்தாள். கை உடைத்தது. கண் படித்தது.

"இன்னாடி இது?" பூமாலை எட்டிப் பார்த்தாள். "படிச்சி கலெக்டராவப் போறியா?"

"சும்மா இருடி."

"கலெக்டரம்மா, கலெக்டரம்மா! எங்க தெருவுக்கு ஒரு கெணறு வெட்டிக் குடுங்கம்மா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்துமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. கதையில் ராஜாவின் யானை காணாமல் போயிருந்தது. பாகனைச் சிறையில் போட்டிருந்தார்கள். பாகன் மகள் யானையைத் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க லூர்துமேரி பாட மறந்துபோனாள்.

ஒரு நிழல் புத்தகத்தின் மேல் விழுந்தது.

"வாயத் தெற!"

திறந்தாள். ஒன்றுமில்லை. மேஸ்திரி குனிந்து கோணியை இழுத்தார். புத்தகம் கீழே விழுந்தது.

"வேல நேரத்துல புஸ்தகமா? பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கியே!" புத்தகத்தை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

லூர்துமேரிக்கு அழுகை முட்டியது. அம்மா ராஜாமணி தூரத்திலிருந்து பதறி எழுந்தாள். பள்ளிக்கூடத்துப் புத்தகம். அது போனால் எல்லாம் போச்சு.

லூர்துமேரி கேட்டாள்: "மேஸ்திரியய்யா, வாய் ஓயக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப சத்தம் போட்டுப் படிச்சா?"

"நீ படிப்ப. மத்தவங்க வாய்?"

"பள்ளிக்கூடத்துல சொல்ற மாதிரி. நான் ஒரு வரி படிக்கிறேன். எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்லட்டும். பாட்டு மாதிரிதான் அய்யா. நீங்களே கேட்டுப் பாருங்க."

மேஸ்திரி யோசித்தார். "படிக்கிற கை எப்படி ஒடைக்கும்?"

"நாங்க நாலு பேரு இருக்கோம். மாத்தி மாத்திப் படிப்போம். படிக்கிறவங்க மொறத்துக்கு மத்த மூணு பேரும் ஆளுக்கு ஒரு பிடி போடுவாங்க."

"நான் ஏன் போடணும்?" என்றான் சின்னதுரை. அவனும் அவள் வகுப்புதான்.

"ஏன்னா அடுத்து நீதான்டா படிக்கணும்."

மேஸ்திரிக்கு அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. "ஒரு நாளைக்குப் பாப்போம். பயிறு கொறஞ்சிது, புஸ்தகம் அடுப்புக்குப் போயிடும்" என்று சொல்லி நீட்டினார்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

"பாகன் மகள் ஊர் எல்லையைத் தாண்டினாள்."

"பாகன் மகள் ஊர் எல்லையைத் தாண்டினாள்!" இருபது குரலும் தகரக் கூரையில் மோதித் திரும்பின. வெளியே வண்டிமாடுகள் காதைத் தூக்கிப் பார்த்தன.

லூர்துமேரியின் முறத்தில் பயிறு விழுந்தது. சின்னதுரை ஒரு பிடி. மற்ற இரண்டு பேரும் ஒவ்வொரு பிடி. நான்காவதாக இன்னொரு பிடியும் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பூமாலை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு கூத்து நடந்தது.

லூர்துமேரி படித்துக்கொண்டிருந்தாள். "காட்டில் இருட்டிவிட்டது. புதருக்குப் பின்னால் ஏதோ மூச்சு விட்டது. அது யானையின் மூச்சு இல்லை."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நிறுத்தவேண்டும் என்பதை அவளும் மறந்துபோனாள். கொட்டகையே அமைதியாகிவிட்டது. தோல் உடையும் சத்தம் மட்டும் சடசடவென்று கேட்டது.

வெளியே வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த மேஸ்திரி பாய்ந்து உள்ளே வந்தார். இருபது வாயும் மூடியிருந்தன!

"அடப்பாவிங்களா! ஒருத்தர் விடாம தின்னுக்கினு இருக்கீங்களா? தெறங்க வாய! ஜல்தி!"

வரிசையாக எல்லாரும் வாயைத் திறந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒரு பயிறுகூட இல்லை. கடைசியில் கிழவி அம்மணியம்மாள் வாயைப் பிளந்து காட்டினாள். "நல்லாப் பாருய்யா. பல்லே இல்ல. நான் எங்க மெல்றது?"

கொட்டகை குலுங்கச் சிரித்தது.

சாயங்காலம் பயிறை அளந்தபோது மேஸ்திரி இரண்டு முறை அளந்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. பாடும்போதே தின்னத் தெரிந்தவர்கள், கதை கேட்கும்போது தின்ன மறந்துபோயிருந்தார்கள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொதருக்குப் பின்னால இன்னாது அது?"

"நாளைக்குத்தான் மேஸ்திரியய்யா. கண்ணு தெரியல, இருட்டிடுச்சி."

அன்றிலிருந்து திருப்பிச் சொல்லும் சட்டம் தளர்ந்தது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனதால் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். யாரும் வீட்டில் தனியாகக் கதையை முந்திப் படிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்தது. அதைப் போட்டது பூமாலை.

ஒரு நாள் லூர்துமேரி புத்தகத்தைப் பூமாலையின் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கி நீ படி."

பூமாலையின் கை நின்றது. "எனக்கு மறந்து போச்சிடி."

"ஒரு வரி."

"எல்லாரும் சிரிப்பாங்க."

பூமாலை புத்தகத்தை முறைத்தாள். அப்புறம் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "யா... னை... யின்..."

சின்னதுரை 'க்ளுக்'கென்றான்.

"சிரிச்சா நாளைக்கி உன் மொறத்துக்குப் பிடி கெடையாது" என்றாள் லூர்துமேரி. அவன் வாய் படக்கென்று மூடிக்கொண்டது.

"யானையின்... கால்... தடம்... ஆற்... ஆற்றங்கரையில்... நின்று... விட்டது."

அந்த ஒரு வரிக்குள் மற்றவர்கள் அரைப்படி உடைத்துவிட்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேஸ்திரிகூடக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு இருபது பேரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள்.

பூமாலையின் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "பொறுடி, அடுத்த வரியும் நானே படிக்கிறேன்" என்றாள்.

கோடை அப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமையோடு காயும் தீர்ந்தது. கொட்டகையைப் பெருக்கிப் பூட்டினார்கள். புத்தகத்தில் இன்னும் பதிமூன்று பக்கம் மீதி.

"நாளைக்கி மரத்தடியில முடிச்சிடலாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது சின்னதுரை எதிரே ஓடி வந்தான். "லூர்து! பூமாலை வூட்ல எல்லாரும் விழுப்புரம் போறாங்க! அவங்கப்பாவுக்கு அங்க ரயில்ல மூட்ட ஏத்துற வேல கெடச்சிடுச்சாம். பானை சட்டியெல்லாம் ரயிலடியில இருக்குது!"

லூர்துமேரி வீட்டுக்குள் புகுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பூமாலை ஒரு பாய்ச்சுருட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. லூர்துமேரிக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் அவள் படித்தாள். அடுத்த பக்கம் பூமாலை படித்தாள். இப்போது அவள் எழுத்துக் கூட்டவில்லை. வார்த்தை வார்த்தையாகப் போனாள்.

ரயில் வந்துவிட்டது.

பானை, பாய், தம்பி எல்லாம் ஏறின. லூர்துமேரியின் கை புத்தகத்தோடு ஒரு நொடி நீண்டது. பள்ளிக்கூடத்து முத்திரை கட்டைவிரலுக்கடியில் இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

பூமாலை ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினாள்: "யானை கெடச்சிதாடி?"

"தெரியலடி! நான் இன்னும் படிக்கல!"

"படிச்சிட்டுச் சொல்லு!"

"சொல்றேன்!"

ரயில் போய்விட்டது. நிலக்கரிப் புகை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வாத்தியார் லூர்துமேரியை எழுப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். அவள் ஒரு வரி படித்து நிறுத்தினாள். உடனே சின்னதுரையும் மற்ற இரண்டு பேரும் அதே வரியைக் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள்.

வாத்தியார் திடுக்கிட்டார். "இது என்ன படிப்புடா?"

"மல்லாட்டைப் படிப்பு சார்!"

நாலு பேரும் தடுமாறவில்லை. நாலு பேரும் ஐந்தாம் வகுப்புப் பலகையில் போய் உட்கார்ந்தார்கள். லூர்துமேரியின் அப்பாவுக்கும் சேதி எட்டியது. மண்டியிலிருந்து வரும்போது வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்.

யானை என்ன ஆயிற்று என்பது லூர்துமேரிக்குத் தெரியும். சின்னதுரைக்குத் தெரியும். சக்கரபாணி மேஸ்திரிகூட வீட்டு வாசலுக்கே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

விழுப்புரம் போகிறவர்களிடமெல்லாம் அவள் விசாரித்தாள். ரயிலில் மூட்டை ஏற்றுகிறவர்கள் அங்கே நூறு பேர். பூமாலை வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை.

லூர்துமேரி பூமாலைக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பதினொரு பக்கம் பாக்கி.